பெயர்கள் சுவரில், எலும்புகள் ஒரே அறையில்

(நவம்பர் மாத வானொலி மறையுரை)

நவம்பர் மாதம் நம் இறந்தோரின் மாதம். மாதத் தொடக்கத்தில் குடும்பம் குடும்பமாகக் கல்லறைத் தோட்டத்திற்குச் சென்றோம். புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, பூமாலை சாத்தி, மெழுகுதிரி ஏற்றினோம். குருவானவர் கல்லறைகளை மந்திரித்தார். கண்ணீரோடு செபித்துத் திரும்பினோம். அந்த நினைவு மறையுமுன், உலகறிந்த ஒரு கல்லறையின் வரலாற்றை இன்று நாம் சேர்ந்து சிந்திப்போம். அது பிரான்சு நாட்டு மன்னர்களின் கல்லறை.

பாரிசு நகருக்குச் சற்று வடக்கே புனித தெனிசின் பெயரால் அமைந்த பேராலயம் ஒன்று இருக்கிறது. புனித தெனிசு 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். பாரிசின் முதல் ஆயர், மறைசாட்சி. தலை வெட்டப்பட்ட பிறகும் அந்தத் தலையைக் கைகளில் ஏந்தியபடி நடந்து வந்து, தாம் அடக்கமாக வேண்டிய இடத்தைத் தாமே காட்டினார் என்பது மக்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. அவரை அடக்கம் செய்ததாகக் கருதப்பட்ட இடத்தின்மேல் முதலில் ஒரு சிற்றாலயம் எழுந்தது. பின்னர் அது பெரிய ஆலயமாகி, புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளின் மடமாகி, 1966ஆம் ஆண்டு முதல் ஒரு மறைமாவட்டத்தின் பேராலயமாக விளங்குகிறது.

மன்னர்கள் ஏன் இங்கு அடக்கமாக விரும்பினார்கள்? காரணம் எளியது. மறைசாட்சியின் கல்லறைக்குப் பக்கத்தில் படுத்திருந்தால், இறுதி நாளில் அவர் எழும்போது அவரோடு நாமும் எழுவோம் என்று அக்காலக் கிறிஸ்தவர்கள் நம்பினார்கள். ஏழையும் அப்படி ஆசைப்பட்டான், அரசனும் ஆசைப்பட்டான். 1959ஆம் ஆண்டு ஆலயத்தின் தரைக்குக் கீழே தோண்டிய ஆய்வாளர்கள் ஒரு கற்பேழையைத் திறந்தார்கள். உள்ளே இருந்தவர் 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓர் அரசி. விரலில் பொன் மோதிரம். அதில் அர்னெகுந்திசு என்ற பெயர் பொறித்திருந்தது. முடியும் செங்கோலும் போய், நாடும் மொழியும் மாறிப்போன பிறகும், அந்த ஒரு மோதிரம்தான் அவர் யார் என்று சொன்னது.

639ஆம் ஆண்டு தாகோபெர்த் என்ற மன்னர் இங்கு அடக்கமானார். பத்தாம் நூற்றாண்டின் முடிவிலிருந்து ஒரு சிலரைத் தவிர, பிரான்சு மன்னர்கள் அனைவரும் இங்கேயே வந்து சேர்ந்தார்கள். அந்த ஒரு சிலரில் ஒருவரைப் பற்றி நாம் அறிந்துகொள்வது நல்லது. 1108இல் இறந்த முதலாம் பிலிப்பு மன்னர், தம்மைப் புனித தெனிசின் அருகே புதைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். தம் வாழ்வு அப்படிப்பட்ட புனிதரின் பக்கத்தில் கிடக்கத் தகுதியற்றது என்று அவர் கருதினாராம். லுவார் ஆற்றங்கரையிலுள்ள வேறொரு துறவு மடத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். மற்ற மன்னர்கள் இடம் பிடித்தார்கள், இவர் இடத்தை விட்டுக்கொடுத்தார். ஆயக்காரன் ஆலயத்தின் கடைசியில் நின்று மார்பில் அறைந்துகொண்ட உவமை நமக்கு நினைவுக்கு வருகிறது அல்லவா?

அடுத்து வந்த மடாதிபதி சூஜே அந்த ஆலயத்தைப் புதுப்பித்தார். 1144ஆம் ஆண்டு சூன் மாதத்தில் பீடப்பகுதி அபிஷேகம் செய்யப்பட்டது. கூர்வளைவுகளும் உயர்ந்த வண்ணக்கண்ணாடிச் சாளரங்களும் கொண்ட அந்தப் பகுதியிலிருந்துதான் கோத்திக் என்னும் கட்டடக்கலை வளர்ந்தது என்பார்கள். மேலே வண்ண ஒளி, கீழே இருண்ட நிலவறை. மேலே பாடற்குழுவின் புகழ்ப்பாக்கள், கீழே இறந்தோரின் மௌனம். ஒரே கூரையின்கீழ் இரண்டும் இருந்தன. விண்ணகத்தில் வெற்றி பெற்ற திருச்சபையும், துன்புறும் திருச்சபையும், மண்ணில் பயணம் செய்யும் திருச்சபையும் ஒன்றே என்று நாம் அறிக்கையிடுவதை அந்தக் கட்டடமே சொல்லிக்கொண்டிருந்தது.

அன்பர்களே, இந்தக் கல்லறைகளின் வரலாற்றில் நாம் மறக்கக்கூடாத மன்னர் புனித ஒன்பதாம் லூயி. 1263, 1264ஆம் ஆண்டுகளில் அவர் தமக்கு முன்னர் இறந்த அரசர் அரசியர் பதினாறு பேருக்குப் படுத்த நிலையில் கற்சிலைகள் செய்வித்தார். பழைய அரச மரபினரை ஒரு பக்கமும், தம் சொந்த மரபினரை மறுபக்கமும் வரிசையாக வைத்தார். அந்தச் சிலைகளைப் பார்ப்பவர்கள் ஒரு செய்தியைக் கவனிப்பார்கள். கைகால் நீட்டிப் படுத்திருக்கும் அந்த மன்னர்களின் கண்கள் மூடியிருக்கவில்லை, திறந்திருக்கின்றன. அவர்கள் செத்தவர்களைப் போல் கிடக்கவில்லை. அழைக்கும் குரலுக்காகக் காத்துக் கிடக்கிறார்கள். சிற்பியின் உளி அங்கே உயிர்ப்பின் நம்பிக்கையைச் செதுக்கியிருக்கிறது.

ஆனால் இதே லூயி மன்னர், தம் முன்னோருக்குச் சிலை வைப்பதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்னர், வேறொரு விதமான அடக்கத்தையும் செய்திருந்தார். 1253ஆம் ஆண்டு. சிலுவைப் போரின்போது அவர் சீதோன் நகருக்கு வருகிறார். நற்செய்தியில் நாம் வாசிக்கும் அதே சீதோன். சற்று முன்புதான் எதிரிகள் அந்நகரில் புகுந்து, மதில் கட்டிக்கொண்டிருந்த ஏழை எளிய மக்களைக் கொன்று குவித்திருந்தார்கள். பிணங்கள் பல நாள் வெயிலில் கிடந்து அழுகிவிட்டன. தூக்க ஆள் இல்லை. மன்னர் குதிரையைவிட்டு இறங்கினார். தம் கைகளாலேயே அந்த உடல்களைத் தூக்கிச் சென்று குழியில் வைத்தார். கூட இருந்தவர்கள் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். மன்னர் மூக்கைப் பொத்தவில்லை என்று, அவரோடு அந்தப் பயணத்தில் இருந்த நண்பர் எழுதி வைத்திருக்கிறார்.

அந்தப் பிணங்களின் பெயர் யாருக்கும் தெரியாது. அவர்கள் எந்த ஊர், எந்தக் குலம் என்று மன்னர் விசாரிக்கவில்லை. இறந்தோரை அடக்கம் செய்வது உடல்சார்ந்த இரக்கச் செயல்கள் ஏழில் ஒன்று என்று சிறுவயதில் ஞானோபதேசத்தில் படித்தோம். தோபித்து முதியவர் தெருவில் கிடந்த தம் இனத்தாரின் உடல்களை இரவோடு இரவாகப் புதைத்ததைத் திருவிவிலியத்தில் வாசிக்கிறோம். லூயி மன்னர் அதைச் செய்து காட்டினார். அவரைப் புனிதராக்கியது தம் முன்னோருக்கு அவர் வைத்த பதினாறு சிலைகள் அல்ல, சீதோனில் அழுக்கான அந்த இரண்டு கைகள் என்று சொன்னால் அது மிகையாகாது.

1270ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள், துனிசு நகருக்கு வெளியே நோயுற்று அவர் இறந்தார். தொலைதூரப் பயணம் என்பதால் உடலை அப்படியே கொண்டுவர முடியவில்லை. அக்கால வழக்கப்படி எலும்புகளைப் பிரித்தெடுத்துப் பேழையில் வைத்தார்கள். அவருடைய மகன் மூன்றாம் பிலிப்பு, தந்தையின் எலும்புகளோடும், அதே படையெடுப்பில் இறந்த தம்பியின் எலும்புகளோடும், வழியில் குதிரையிலிருந்து விழுந்து இறந்த தம் மனைவியின் எலும்புகளோடும் நாடு திரும்பினார். 1271 மே மாதம், அந்த இளைய மன்னர் தந்தையின் பேழைக்குத் தாமே தோள் கொடுத்து, பாரிசிலிருந்து புனித தெனிசு ஆலயம் வரை நடந்து சென்றார். நம் ஊரில் மகன் தகப்பனின் பெட்டிக்குத் தோள் கொடுப்பதுபோல! அரண்மனையானாலும் குடிசையானாலும் சாவு வீட்டின் துயரம் ஒன்றுதான். லூயி மன்னர் 1297ஆம் ஆண்டு புனிதராக அறிவிக்கப்பட்டார்.

காலம் செல்லச் செல்லக் கல்லறைகள் பெரியனவாயின. 16ஆம் நூற்றாண்டில் பன்னிரண்டாம் லூயி மன்னருக்கும் அவர் மனைவி ஆன் அரசிக்கும் இரண்டு அடுக்குகளாகப் பளிங்குக் கல்லறை எழுப்பினார்கள். மேலடுக்கில் இருவரும் முழந்தாளிட்டுச் செபிக்கிறார்கள். கீழடுக்கில் அதே இருவரும் ஆடையின்றிச் சடலங்களாகக் கிடக்கிறார்கள். உடல் கெடாமலிருக்க வயிற்றைக் கீறித் தைத்த தையல்கூடக் கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. ஒரு மன்னர் தம் கல்லறையில் இப்படித் தம்மைக் காட்ட ஏன் சம்மதிக்க வேண்டும்? மேலே இருப்பது நம் நம்பிக்கை, கீழே இருப்பது நம் உண்மை. சாம்பல் புதனன்று குருவானவர் நம் நெற்றியில் சாம்பலிட்டுச் சொல்லும் அதே உண்மைதான் அது.

பூர்போன் மரபு மன்னர்கள் காலத்தில் இந்த வழக்கம் மாறியது. 1610ஆம் ஆண்டு கத்திக்குத்துக்குப் பலியான நான்காம் ஹென்றி தொடங்கி, அவர்களுக்குக் கற்சிலைகள் எழுப்பவில்லை. நிலவறைக்குள் இரும்புத் தாங்கிகளின்மேல் ஈயப்பெட்டிகள் வரிசையாக வைக்கப்பட்டன. அங்கே ஒரு விந்தையான வழக்கமும் இருந்தது. கடைசியாக இறந்த மன்னரின் பெட்டியை உடனே உள்ளே கொண்டுபோக மாட்டார்கள். நிலவறையின் வாயிலிலேயே வைத்திருப்பார்கள். அடுத்த மன்னர் இறந்து வந்த பிறகுதான் முந்தியவர் உள்ளே போவார். அதுவரை, இறந்த மன்னர் தம் வாரிசின் வரவுக்காக வாசலில் காத்திருப்பார்.

1715 செப்டம்பரில் பதினான்காம் லூயி இறந்தார். எழுபத்திரண்டு ஆண்டுகள் அரசராக இருந்தவர், கதிரவனைத் தம் அடையாளமாகக் கொண்டவர். அவருடைய இறுதி ஊர்வலம் சென்ற வழியில் மக்கள் அழவில்லை. குடித்தார்கள், பாடினார்கள், சிரித்தார்கள். ஓயாத போரும் வரியும் அவர்களை அப்படிச் செய்திருந்தன. 1774இல் பதினைந்தாம் லூயி பெரியம்மையால் இறந்தபோது, உடலை அவசர அவசரமாக இரவில் கொண்டுசென்றார்கள். வழிநெடுகக் கேலிக் குரல்கள். அவருடைய பெட்டி வழக்கப்படி நிலவறை வாயிலில் வைக்கப்பட்டது. தம் பேரன் பதினாறாம் லூயி இறந்து வரும்வரை அவர் அங்கே காத்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பேரன் அந்த வாசலுக்கு வரவே இல்லை.

1789இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. துறவு மடம் மூடப்பட்டது. 1793 சனவரி 21ஆம் நாள் பதினாறாம் லூயியின் தலை வெட்டப்பட்டது. உடலைப் பாரிசில் ஒரு பொதுக் கல்லறைத் தோட்டத்தில் சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தார்கள். அதே ஆண்டில், புனித தெனிசு ஆலயத்திலுள்ள அரச கல்லறைகளை அழிக்க வேண்டும் என்று நாட்டுப் பேரவை ஆணையிட்டது. ஆகஸ்டு மாதத்தில் சிற்பங்களை இடிக்கத் தொடங்கினார்கள். அக்டோபரில் நிலவறையைத் திறந்தார்கள். வெளியே, ஆலயத்தின் வடபுறம், இரண்டு பெருங்குழிகள் வெட்டப்பட்டன.

முதலில் வெளியே வந்தவர் நான்காம் ஹென்றி. 183 ஆண்டுகள் கழித்தும் முகம் அடையாளம் தெரிந்தது. அவரை நிறுத்திவைத்து, இரண்டு நாள் மக்கள் பார்க்க விட்டார்கள். பிறகு குழிக்குள் தள்ளினார்கள். பதினான்காம் லூயியின் உடல் மைபோலக் கறுத்திருந்தது என்று, அங்கே நின்று பார்த்த அம்மடத்தின் துறவி எழுதி வைத்தார். அக்டோபர் 16ஆம் நாள், வாயிலில் காத்திருந்த பதினைந்தாம் லூயியின் பெட்டியை இழுத்தார்கள். அதே நாளில்தான் பாரிசில் அவருடைய பேரனின் மனைவி மரி அந்துவானெத் அரசி கொலைக்களத்திற்கு வண்டியில் கொண்டுபோகப்பட்டார். பெட்டிகளின் ஈயத்தை அங்கேயே உருக்கினார்கள். நாட்டுக்குத் துப்பாக்கிக் குண்டுகள் தேவைப்பட்டன.

சில நாள்களுக்குள் ஆயிரம் ஆண்டுகளின் மன்னர்களும் அரசிகளும் இளவரசர்களும் கைக்குழந்தைகளும் அந்தக் குழிகளுக்குள் போனார்கள். மேலே சுண்ணாம்பு கொட்டினார்கள். புனித லூயி அழகாக அடுக்கிவைத்த இரண்டு மரபுகளும் ஒன்றாகக் கலந்தன. சிலைகளில் பலவற்றை மட்டும் லெனுவார் என்ற கலை ஆர்வலர் முயன்று பாரிசுக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றினார். கல் பிழைத்தது. எலும்புகளைக் காப்பாற்ற ஒருவரும் இல்லை.

நேயர்களே, இதைக் கேட்டு நாம் மகிழக் கூடாது. "கொடுங்கோலருக்கு நல்லா வேண்டும்" என்று சொல்வது எளிது. ஆனால் இறந்தவரின் உடல், அது யாருடையதாக இருந்தாலும், திருமுழுக்கில் கழுவப்பட்ட உடல், நற்கருணை உண்ட உடல், தூய ஆவியின் ஆலயம். ஏழைகளை வாட்டிய அரசின்மீது மக்களுக்கு இருந்த கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் பிணத்தின்மீது காட்டிய கோபம் ஒரு பசித்த குழந்தைக்கும் ரொட்டி தரவில்லை. சீதோனில் பெயரில்லாத பிணங்களைத் தூக்கிய கைகளை நாம் பார்த்தோம். புனித தெனிசில் பெயருள்ள பிணங்களை வீசிய கைகளையும் பார்த்தோம். இந்த இரண்டில் எந்தக் கைகள் நம் கைகள் என்பதே கேள்வி.

அந்த இருண்ட நாள்களிலும் ஒரு சிறு ஒளி இருந்தது. பதினாறாம் லூயியும் மரி அந்துவானெத்தும் புதைக்கப்பட்ட தோட்டத்தை, அருகில் குடியிருந்த ஒரு வழக்கறிஞர் பின்னர் விலைக்கு வாங்கினார். அவர்கள் கிடந்த இடத்தைச் சுற்றி மரங்கள் நட்டு, அடையாளம் மறையாமல் காத்தார். 1815ஆம் ஆண்டு சனவரியில் அந்த அடையாளத்தை வைத்தே எலும்புகளைக் கண்டெடுத்தார்கள். மன்னர் இறந்த அதே சனவரி 21ஆம் நாள் இருவரையும் புனித தெனிசுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள்.

பிறகு, 1817 சனவரியில், பதினெட்டாம் லூயி அந்த இரண்டு பெருங்குழிகளையும் தேடித் தோண்டச் சொன்னார். எலும்புகள் கிடைத்தன. ஆனால் எது யாருடையது? தாகோபெர்த்தின் எலும்பு எது, பதினான்காம் லூயியின் எலும்பு எது என்று ஒருவராலும் பிரிக்க முடியவில்லை. வென்றவனும் தோற்றவனும், நல்லவனும் கெட்டவனும், அரசியும் அவள் பச்சிளம் பிள்ளையும் ஒன்றாகக் கலந்திருந்தார்கள். எனவே அனைத்தையும் நிலவறையில் ஓர் எலும்பறையில் வைத்து, வாசலை மூடி, சலவைக்கல் பலகைகளில் பெயர்களை வரிசையாகப் பொறித்தார்கள். இன்றும் அங்கே போகிறவர்கள் இதைத்தான் காண்கிறார்கள். சுவரில் பெயர்கள் தனித்தனியே இருக்கின்றன. சுவருக்குப் பின்னால் எலும்புகள் ஒன்றாக இருக்கின்றன.

1824இல் இறந்த பதினெட்டாம் லூயிதான் அங்கே அடக்கமான கடைசி மன்னர். அவருக்குப் பின் ஆண்ட தம்பி பத்தாம் சார்லசு நாட்டைவிட்டு ஓடி, இன்று ஸ்லோவேனியா நாட்டில் இருக்கும் ஒரு பிரான்சிஸ்கன் துறவு மடத்தில் அடக்கமாகியிருக்கிறார்.

இந்த வரலாற்றில் இன்னும் ஒரு சிறு பெட்டி உண்டு. பதினாறாம் லூயியின் மகன், பத்து வயதுச் சிறுவன், 1795 சூன் 8ஆம் நாள் சிறையில் நோயால் இறந்தான். பெற்றோர் இருவரும் கொல்லப்பட்டபின், பல மாதங்கள் இருட்டறையில் தனிமையில் அடைக்கப்பட்டிருந்த குழந்தை. உடலை ஆய்வு செய்த மருத்துவர் அவன் இதயத்தை ஒரு கைக்குட்டையில் சுற்றி எடுத்து வைத்தார். அந்த இதயம் கைமாறிக் கைமாறி இரண்டு நூற்றாண்டுகள் அலைந்தது. 2000ஆம் ஆண்டு நடந்த மரபணுச் சோதனை, அது மரி அந்துவானெத்தின் குடும்பத்தைச் சேர்ந்த பிள்ளையின் இதயமே என்று காட்டியது. 2004 சூன் 8ஆம் நாள், அவன் இறந்த அதே தேதியில், அந்தச் சிறிய இதயத்தைப் பெற்றோரின் கல்லறை இருக்கும் ஆலயத்தில் வைத்தார்கள். மனிதர் மறந்தாலும் இறைவன் மறப்பதில்லை என்று நாம் சொல்வது வெறும் ஆறுதல் வார்த்தையல்ல.

இன்று அந்தப் பேராலயத்தைச் சுற்றி அரண்மனைகள் இல்லை. உழைக்கும் மக்களின் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் சந்தையும்தான் இருக்கின்றன. பல நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள் அங்கே வாழ்கிறார்கள். அந்த மாவட்டத்தில் நம் ஈழத் தமிழ்ச் சகோதரர்களும் ஏராளம். மன்னர்கள் கிடக்கும் தரையின்மேல் இன்று அகதியும் கூலித்தொழிலாளியும் முழந்தாளிட்டு ஒரே அப்பத்தில் பங்கு பெறுகிறார்கள். அந்த ஆலயத்தின் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டு வரலாற்றில், நற்செய்திக்கு மிக நெருங்கிய காலம் ஒருவேளை இதுவாகத்தான் இருக்கும்.

இனி நாம் நம்மைப் பார்ப்போம். நம் கல்லறைத் தோட்டங்களில் மன்னர்கள் இல்லை. ஆனால் வரிசைகள் இல்லையா? இவர்களுக்கு இந்தப் பக்கம், அவர்களுக்கு அந்தப் பக்கம் என்ற பேச்சு இல்லையா? சில இடங்களில் நடுவே சுவர் எழுப்பி, சாதியின் பெயரால் இறந்தோரைக்கூடப் பிரித்து வைத்திருப்பதை நாம் அறிவோம். ஒரே திருமுழுக்குத் தொட்டியில் நனைந்தவர்கள், ஒரே பீடத்தில் உண்டவர்கள், ஆறடி மண்ணில் மட்டும் ஒருவருக்கொருவர் தீட்டா? பிரான்சின் பேரரசர்களின் எலும்புகளையே மண் கலந்துவிட்டது. அறிஞர்கள் கூடி நின்றும் பிரிக்க முடியவில்லை. நம் சுவர்களை மட்டும் மண் மதிக்குமா? இறுதி எக்காளம் ஒலிக்கும்போது, சுவருக்கு இந்தப் பக்கம் முதலில், அந்தப் பக்கம் பிறகு என்றா வானதூதர் அழைப்பார்?

இந்த நவம்பர் மாதம் முடியுமுன் மூன்று காரியங்களைச் செய்வோம். நம் கல்லறைத் தோட்டத்தில் கவனிப்பாரற்றுக் கிடக்கும் கல்லறை ஒன்றைத் தேடுவோம். பெயர் அழிந்துபோன கல்லறையாக இருக்கட்டும். அங்கே ஒரு மெழுகுதிரி ஏற்றி, அவருக்காக ஒரு செபம் சொல்வோம். இரண்டாவது, நம் பங்கிலோ தெருவிலோ சாவு விழும்போது, அது யார் வீடு என்று பார்க்காமல் போவோம், பெட்டிக்குத் தோள் கொடுப்போம். சீதோனில் ஒரு மன்னரால் முடிந்தது நம்மால் முடியாதா? மூன்றாவது, நம் கல்லறைத் தோட்டத்தில் பிரிக்கும் சுவரோ வழக்கமோ இருந்தால், அதைப் பற்றி அன்பியக் கூட்டத்திலும் பங்குப் பேரவையிலும் அச்சமின்றிப் பேசுவோம். அன்பிலிருந்து வரும் பேச்சுக்குச் சுவர்களை இடிக்கும் வலிமை உண்டு.

எங்களைப் பெயர் சொல்லி அழைக்கும் ஆண்டவரே, சுவரில் பெயர் உள்ளவரையும், எந்தச் சுவரிலும் பெயர் இல்லாதவரையும் நீர் அறிந்திருக்கிறீர். அவர்கள் அனைவரையும் உமது ஒளியில் சேர்த்தருளும். இறப்பில் நீர் ஒன்றாக்குகிறவர்களை, வாழும்போதே ஒன்றாக வாழ எங்களுக்குக் கற்றுத்தாரும். ஆமென்.